ஒரு டப்பா, ஏழு மாத்திரை: டாக்டர் எழுதித் தரும் மருந்துகளைப் புரிந்துகொள்ள ஒரு முழு வழிகாட்டி

போன பொங்கலுக்கு அத்தை வீட்டுக்குப் போயிருந்தேன். காலைக் காட்டி, "பாருடா, கணுக்கால் கொழுக்கட்டை மாதிரி வீங்கிக் கிடக்கு. யூரின் போற மாத்திரை தீர்ந்துபோச்சு. உன் கடையில இருந்தா ஒரு அட்டை எடுத்துட்டு வா" என்றார். நான் மருந்தாளுநர். மெடிக்கல் ஷாப் கவுண்டருக்குப் பின்னால் நின்றே பாதி ஆயுசு போய்விட்டது. மாத்திரையை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். என்ன தோன்றியதோ, "டப்பாவைக் கொண்டு வாங்க அத்தை, பார்ப்போம்" என்றேன். பழைய முறுக்கு டப்பா. உள்ளே ஏழு வகை மாத்திரை, நான்கு டாக்டர்களின் சீட்டு, கத்தரிக்கோலால் நறுக்கிய துண்டு அட்டைகள்.

அன்று மதியம் நாங்கள் செய்ததைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். படித்துவிட்டு எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தவோ கூட்டவோ வேண்டாம். டாக்டரிடம் சரியான கேள்வியோடு போய் உட்கார இது உதவினால் போதும்.

படி 1: டப்பாவைக் கவிழ்த்துக் கொட்டுங்கள்

நியூஸ் பேப்பரை விரித்து எல்லாவற்றையும் கொட்டுங்கள். கண் சொட்டு மருந்து, இன்ஹேலர், தைலம், நாட்டு மருந்துப் பொடி, சித்த மருந்து லேகியம் வரை எதையும் விடாதீர்கள்.

இப்போது அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள். பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். அதற்கு மேலேயோ கீழேயோ பொடி எழுத்தில் மருந்தின் சொந்தப் பெயர் இருக்கும்: அம்லோடிபின், மெட்ஃபார்மின், டெல்மிசார்டன், பேன்டோபிரசோல். அதுதான் நமக்கு வேண்டியது. கூடவே அளவு. 5 மில்லிகிராமும் 10 மில்லிகிராமும் பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும். தைராய்டு மாத்திரையின் அளவு மைக்ரோகிராமில் இருக்கும். ஒரு மில்லிகிராம் என்பது 1000 மைக்ரோகிராம்.

கம்பெனிப் பெயருக்கு வால் போல ஒட்டிக்கொண்டு வரும் எழுத்தையும் கவனியுங்கள். பிபி மாத்திரையில் 'எச்' என்றால் பெரும்பாலும் ஹைட்ரோகுளோரோதயசைடு என்ற நீர் பிரிக்கும் மருந்து சேர்ந்திருக்கும். 'ஏஎம்' என்றால் அம்லோடிபின். கேஸ் மாத்திரையில் 'டி' என்றால் வாந்தியை அடக்கும் டோம்பெரிடோன். வலி மாத்திரையில் 'பி' என்றால் பாரசிட்டமால். ஒரு மாத்திரைதானே என்று விழுங்குவது உண்மையில் இரண்டு மருந்து.

அத்தை டப்பாவில் முதல் குளறுபடி இங்கேயே கிடைத்தது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து கொடுத்த மெட்ஃபார்மின் ஓர் அட்டை. தனியார் டாக்டர் எழுதிய மெட்ஃபார்மின் வேறு கம்பெனிப் பெயரில் இன்னோர் அட்டை. "அது கவர்மென்ட் மாத்திரை, இது சுகர் மாத்திரை" என்று இரண்டையும் போட்டுக்கொண்டிருந்தார். இது அத்தைக்கு மட்டும் நடப்பதல்ல. அரசு ஆஸ்பத்திரி அட்டையில் மருந்தின் சொந்தப் பெயரே பெரிதாக இருக்கும், வெளிக்கடை அட்டையில் கம்பெனிப் பெயர் பெரிதாக இருக்கும். பெயர் வேறாக இருந்தால் மருந்தும் வேறு என்று நினைப்பது இயல்புதான்.

அட்டையின் இடது ஓரத்தில் சிவப்புக் கோடு இருந்தால் அது டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து. சிவப்புக் கட்டத்துக்குள் எச்சரிக்கை இருந்தால் இன்னும் கண்டிப்பான பட்டியல். சில ஆன்டிபயாடிக், தூக்க மாத்திரை, காசநோய் மருந்துகளுக்காக 2014 மார்ச் முதல் நடப்பில் உள்ள முறை அது. அவற்றை விற்றால் நோயாளி பெயர், டாக்டர் பெயர் எல்லாம் நாங்கள் தனி நோட்டில் எழுதி வைக்க வேண்டும்.

இன்னொன்று. அட்டையை நறுக்கி நாலு மாத்திரை வாங்கினால், பெயரும் காலாவதித் தேதியும் எந்தத் துண்டில் போனது என்று பாருங்கள். தேதி இல்லாத துண்டைக் கொடுத்தால் தயங்காமல் கேளுங்கள். சீட்டிலோ கவரிலோ எழுதித் தருவது எங்கள் வேலை.

படி 2: சீட்டைப் படிக்கப் பழகுங்கள்

1-0-1 என்றால் காலை ஒன்று, மதியம் இல்லை, இரவு ஒன்று. ஓடி என்றால் ஒரு வேளை, பிடி இரண்டு வேளை, டிடிஎஸ் மூன்று வேளை, எச்எஸ் படுக்கும்போது. எஸ்ஓஎஸ் என்றால் தேவைப்பட்டால் மட்டும். இந்தக் கடைசி ஒன்றில்தான் நிறைய பேர் தவறுகிறார்கள். வலி வந்தால் போடச் சொன்ன மாத்திரையை வருஷக்கணக்கில் தினமும் போட்டுக்கொண்டிருப்பார்கள்.

வாரம் ஒரு நாள் மட்டும் போட வேண்டிய மாத்திரைகளும் உண்டு. முடக்குவாதத்துக்கும் சொரியாசிஸுக்கும் கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட் அப்படி. அதைத் தினமும் போட்டால் ரத்த அணுக்கள் சரிந்து உயிருக்கே ஆபத்து. அந்த மாத்திரை யாருக்காவது கொடுத்தால் நான் கவரில் கிழமையின் பெயரை எழுதி, அவர்களை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லவும் வைப்பேன். சிலர் சிரிப்பார்கள், பரவாயில்லை.

பெயரோடு எஸ்ஆர், எக்ஸ்ஆர், இஆர் என்று இருந்தால் மருந்து மெல்லக் கரைந்து இறங்கும்படி செய்த மாத்திரை. உடைக்கவோ பொடிக்கவோ மெல்லவோ கூடாது. மெட்ஃபார்மின் எஸ்ஆர் போடுகிறவர்கள் சிலர் மலத்தில் மாத்திரை முழுசாகவே வெளியே வருகிறது என்று பதறிப்போய் வருவார்கள். அது வெறும் கூடு. மருந்து உள்ளே இறங்கிவிட்டது.

படி 3: ஒவ்வொன்றும் எதற்கு, என்ன செய்யும்

ஒரு தாளில் கட்டம் போட்டு எழுதுங்கள்: மருந்துப் பெயர், எதற்காக, எப்போது, என்ன தொந்தரவு தரலாம். நம் வீடுகளில் அதிகம் புழங்குகிறவற்றை மட்டும் சொல்கிறேன்.

மெட்ஃபார்மின் சர்க்கரை நோய்க்கு முதலில் எழுதும் மருந்து. ஆரம்பத்தில் வயிற்றுப்போக்கு, வாயு, குமட்டல் வரும். சாப்பாட்டோடு போட்டால், குறைந்த அளவில் தொடங்கினால் பெரும்பாலும் அடங்கிவிடும். வருஷக்கணக்கில் போடுகிறவர்களுக்கு பி12 சத்து குறையலாம். கால் மரத்துப்போவதை எல்லோரும் சுகர் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். பி12 அளவையும் பார்த்துவிடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். சிறுநீரகம் மிகவும் தளர்ந்தவர்களுக்கு இந்த மருந்து ஆகாது. சாய ஊசி போட்டு ஸ்கேன் எடுக்கும் முன் இதைப் போடுவதாகச் சொல்லுங்கள்.

மெட்ஃபார்மின் தனியாக சர்க்கரையைத் தாழ்நிலைக்குத் தள்ளுவது அபூர்வம். கிளிமிபிரைடு அப்படியல்ல. அது கணையத்தைப் பிழிந்து இன்சுலின் சுரக்க வைக்கும். மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் வியர்வை, நடுக்கம், படபடப்பு, கண் இருட்டல். சஷ்டி விரதம், ரம்ஜான் நோன்பு இருக்கிறவர்கள் முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டு மாத்திரையை மாற்றி அமைத்துக்கொள்ள வேண்டும். சர்க்கரை தாழ்ந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். மயங்கிக் கிடப்பவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றக் கூடாது.

பிபி மாத்திரைகளில் அம்லோடிபின் ரத்தக்குழாயைத் தளர்த்தும். தளர்ந்த நுண்குழாய்களிலிருந்து நீர் கசிந்து கணுக்காலில் தங்கும். அளவு கூடக் கூட வீக்கமும் கூடும். ராமிபிரில், எனலாபிரில் வகை சிலருக்கு வறட்டு இருமலைக் கொண்டு வரும். பிரேசில் நாட்டு விரியன் பாம்பின் விஷத்தை ஆராய்ந்து கண்டுபிடித்த குடும்பம் அது. பிபியை ஏற்றும் நொதியை அது தடுக்கும்போது, அதே நொதி உடைக்க வேண்டிய பிராடிகைனின் என்ற பொருளும் உடையாமல் தேங்கிவிடும். அதனால்தான் இருமல் என்கிறார்கள். எத்தனை பாட்டில் சிரப் குடித்தாலும் அந்த இருமல் போகாது. டெல்மிசார்டன், லோசார்டன் வகையில் இந்தத் தொல்லை குறைவு. இரண்டு வகையும் கர்ப்பிணிகளுக்குக் கூடாது.

கொலஸ்ட்ராலுக்கான அடோர்வாஸ்டாடின் சிலருக்குத் தசை வலி தரும். பலருக்கு ஒன்றும் செய்யாது. தசை கடுமையாக வலித்துச் சிறுநீர் காபி நிறத்தில் போனால் அன்றே டாக்டரைப் பார்க்க வேண்டும்.

தைராய்டுக்கான லெவோதைராக்சினில் பக்கவிளைவைவிடப் போடும் முறைதான் பெரிய விஷயம். வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில். அடுத்த அரை மணி முதல் ஒரு மணி நேரம் காபி கூடாது. நம் ஊரில் இதைச் சொன்னால் பலர் முகம் வாடிவிடும். காபியோடு போட்டால் மருந்து சரியாக உறிஞ்சப்படாது, டெஸ்டில் டிஎஸ்எச் (தைராய்டு குறைந்தால் கூடும் எண்) ஏறும், டாக்டர் டோஸைக் கூட்டுவார். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி விடுங்கள்.

கேஸ் மாத்திரை என்று எல்லோரும் சொல்லும் பேன்டோபிரசோலைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்பு போட வேண்டும். சில வாரங்களுக்கு என்று எழுதியதைப் பத்து வருஷம் போடுகிறவர்களை எனக்குத் தெரியும். நீண்ட நாள் போட்டால் பி12, மெக்னீசியம் குறையலாம், எலும்பு முறிவுக்கான வாய்ப்பும் கூடலாம். திடீரென்று நிறுத்தினால் சில நாட்களுக்கு அமிலம் முன்பைவிட அதிகமாகச் சுரந்து நெஞ்செரியும். "பாத்தீங்களா, இது இல்லாம முடியல" என்று திரும்ப ஆரம்பிப்பார்கள். படிப்படியாகக் குறைப்பது எப்படி என்று டாக்டரிடம் கேட்டால் வழி சொல்வார்.

வலி மாத்திரைகளைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும். டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் எல்லாம் ஒரே குடும்பம். வயிற்றில் புண், சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் குறைவது, பிபி ஏறுவது, மூன்றும் இவற்றால் வரலாம். மாடுகளுக்கு டைக்ளோஃபெனாக் போட்டு, செத்த மாட்டைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் சிறுநீரகம் செயலிழந்து கூட்டம் கூட்டமாக அழிந்ததால்தான் 2006இல் இந்தியாவில் அதன் கால்நடைப் பயன்பாட்டுக்குத் தடை வந்தது. கழுகுக்கு ஆனது அப்படியே நமக்கும் ஆகும் என்று சொல்லவில்லை, அவற்றின் உடம்பு வேறு. ஆனாலும் மிட்டாய் மாதிரி வாங்கிப் போடும் பொருள் இதுவல்ல.

பாரசிட்டமால் சரியான அளவில் பாதுகாப்பானது. பெரியவர்களுக்கு ஒரு நாளில் 4000 மில்லிகிராம் உச்சவரம்பு. குடிப்பழக்கமோ ஈரல் கோளாறோ உள்ளவர்களுக்கு அதைவிடக் குறைவு. கணக்குப் போட்டுப் பாருங்கள்: காய்ச்சலுக்கு 650 மாத்திரை மூன்று வேளை, அது 1950. மூட்டுவலி மாத்திரைக்குள் ஒளிந்திருக்கும் 325, இரண்டு வேளைக்கு 650. சளி மாத்திரைக்குள் 500, மூன்று வேளைக்கு 1500. மொத்தம் 4100. போட்டவரைக் கேட்டால் ஒரே ஒரு காய்ச்சல் மாத்திரைதான் போடுவதாகச் சொல்வார்.

ஆன்டிபயாடிக் வைரஸ் சளிக்கு வேலை செய்யாது. வேலை செய்யும் இடத்தில் எழுதினால் சொன்ன நாள் வரை போட வேண்டும். வயிற்றுப்போக்கு பொதுவாக வரும். எலிக்காய்ச்சல், உண்ணிக்காய்ச்சலுக்குத் தரும் டாக்சிசைக்ளினை நிறையத் தண்ணீரோடு விழுங்கி அரை மணி நேரமாவது படுக்காமல் இருங்கள், இல்லாவிட்டால் உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும். வெயிலில் தோலும் சீக்கிரம் கன்றிவிடும்.

படி 4: தொந்தரவைத் தரம் பிரியுங்கள்

இணையத்தில் ஒரு மருந்தின் பெயரைத் தட்டினால் ஐம்பது பக்கவிளைவு வந்து நிற்கும். பயந்து பாதிப்பேர் மாத்திரையையே விட்டுவிடுகிறார்கள். அந்தப் பட்டியலை எடைபோட்டுப் படிக்க வேண்டும். மருந்து விளக்கத்தாளில் மிகச் சாதாரணம் என்றால் பத்தில் ஒருவருக்காவது வருவது. அரிது என்றால் ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவு. மிக அரிது என்றால் பத்தாயிரத்தில் ஒருவருக்கும் குறைவு.

பயப்பட வேண்டாத நிறமாற்றங்கள் சில உண்டு. காசநோய் மருந்தான ரிஃபாம்பிசினில் சிறுநீர், வியர்வை, கண்ணீர்கூட செம்மஞ்சளாகும். பி காம்ப்ளெக்ஸில் சிறுநீர் பளிச்சென்ற மஞ்சள். இரும்புச்சத்து மாத்திரையில் மலம் கறுக்கும். ஆனால் இரும்புச்சத்து போடாதவருக்கு, அதுவும் ஆஸ்பிரினோ வலி மாத்திரையோ போடுகிறவருக்கு, மலம் தார் மாதிரி கறுத்து ஒட்டும் பதத்தில் நாற்றத்தோடு போனால் அது வயிற்றுக்குள் ரத்தக்கசிவு. தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

108ஐ அழைக்க வேண்டியவை: உதடு, நாக்கு, முகம் வீங்குவது, மூச்சு முட்டுவது. ராமிபிரில் வகையில் இந்த வீக்கம் பல மாதம் நல்லபடியாகப் போட்ட பிறகும் வரலாம். அடுத்து, புது மருந்து ஆரம்பித்த முதல் சில வாரங்களில் காய்ச்சலோடு தோல் சிவந்து கொப்புளம், வாயிலும் கண்ணிலும் புண். வலிப்புக்கான கார்பமசெபின், ஃபெனிட்டோயின், யூரிக் அமிலத்துக்கான அலோபியூரினால், ஆன்டிபயாடிக்கான கோட்ரைமாக்சசோல் போன்றவற்றில் இது அரிதாக வரும், வந்தால் உயிருக்கே ஆபத்து. அடுத்த வேளை மாத்திரையைப் போடாமல், அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு அவசரப் பிரிவுக்குப் போங்கள். கண் மஞ்சளானாலும் அன்றே காட்டிவிடுங்கள்.

படி 5: எந்த மாத்திரை எதைக் கூட்டி வந்தது என்று கோர்த்துப் பாருங்கள்

எனக்கு இந்தப் படிதான் முக்கியம். அத்தையின் சீட்டுகளைத் தேதிப்படி அடுக்கினோம்.

முதல் சீட்டு முழங்கால் வலிக்கு, அசிக்ளோஃபெனாக். அது வயிற்றைக் கெடுக்காமலிருக்கப் பேன்டோபிரசோல். மூன்று மாதம் கழித்து பிபி ஏறியிருந்தது. ஏற்கெனவே டெல்மிசார்டனும் அம்லோடிபின் 5ம் போட்டுக்கொண்டிருந்தவருக்கு அம்லோடிபின் 10 ஆனது. கால் வீங்கியது. வீக்கத்துக்கு வேறோர் இடத்தில் காட்ட, ஃபுரோஸ்மைடு கொடுத்தார்கள். யூரின் போற மாத்திரை என்றாரே, அதுதான். இரவெல்லாம் எழுந்து எழுந்து போய், தலைசுற்றல். தலைசுற்றலுக்கு பீட்டாஹிஸ்டின். மெட்ஃபார்மினோடு சேர்த்து ஏழு ஆயிற்று.

"முட்டி வலிக்குன்னு போனேன், இவ்வளவும் அதுல இருந்தா?" என்று அத்தை கேட்டார். எல்லாம் அதிலிருந்துதான் என்று நான் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் வலி மாத்திரை பிபியை ஏற்றும், அம்லோடிபின் வீக்கத்துக்கு நீர் மாத்திரை பெரிதாக உதவாது, நீர் அதிகம் போனால் தலை சுற்றும், இந்த மூன்றும் தெரிந்த சங்கதிகள். இன்னொன்றும் கவலை தந்தது: டெல்மிசார்டன், ஃபுரோஸ்மைடு, வலி மாத்திரை மூன்றும் ஒரே நேரத்தில் சேர்ந்தால் சிறுநீரகத்துக்குத் தாங்காது, அதுவும் வயசானவர்களுக்கு. நான்கு டாக்டர்களில் யாரும் தவறானவர் இல்லை. மற்ற மூன்று சீட்டையும் பார்த்தவர்தான் ஒருவரும் இல்லை.

ஆகவே புதிதாக ஒரு தொந்தரவு வந்தால் முதல் கேள்வி: சமீபத்தில் எந்த மாத்திரை புதிதாகச் சேர்ந்தது, எதன் அளவு கூடியது? இதைக் கேட்காமல் அடுத்த மாத்திரைக்குப் போகாதீர்கள்.

படி 6: சட்டென்று நிறுத்தக் கூடாதவை

பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டைப் பல வாரம் போட்ட பிறகு ஒரே நாளில் விட்டால் உடம்பு தன் சொந்தச் சுரப்புக்குத் திரும்பமுடியாமல் சரிந்துவிடலாம். பிபிக்கும் இதயத்துக்கும் தரும் மெட்டோப்ரோலால், அட்டினோலால் வகையை விட்டால் நெஞ்சுத் துடிப்பு எகிறும். வலிப்பு மாத்திரையையோ, பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் தரும் குளோனசெபாமையோ நிறுத்தினால் வலிப்பு வரலாம். இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தவர்கள் ரத்தம் உறையாமலிருக்கத் தரும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரலை இதய டாக்டர் சொல்லாமல் விடவே கூடாது. பல் பிடுங்கப் போனாலும் முதலில் அவரைக் கேளுங்கள்.

இங்கே ஒரு வசவு. காய்ச்சல், உடம்புவலி என்று போனால் நாலைந்து உதிரி மாத்திரையைப் பேப்பரில் மடித்து 'செட்' என்று தரும் வழக்கம் நம் ஊரில் இன்னும் சாகவில்லை. அதில் பெரும்பாலும் ஒரு ஸ்டீராய்டு இருக்கும், அதனால்தான் ஒரே நாளில் எழுந்து உட்கார்கிறார்கள். சர்க்கரை எகிறும், பசி கூடும், தொடர்ந்து போட்டால் முகம் உப்பும். என் தொழிலில் இருக்கிறவர்களே செய்வதால் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. பெயர் தெரியாத மாத்திரையை வாங்காதீர்கள்.

படி 7: பையோடு போங்கள்

எல்லா மாத்திரையையும், எழுதிய தாளையும் ஒரு மஞ்சப்பையில் போட்டு, உங்களைத் தொடர்ந்து பார்க்கும் ஒரே டாக்டரிடம் கொண்டுபோங்கள். மூன்று கேள்வி போதும்: "இது இன்னும் தேவையா? எத்தனை நாளைக்கு? இதற்கு என்ன டெஸ்ட் எப்போது எடுக்க வேண்டும்?" ஒவ்வாமை இருந்தால், முக்கியமாகப் பென்சிலின், தாளின் தலைப்பிலேயே சிவப்பு மையில் எழுதுங்கள். மோசமான பக்கவிளைவு வந்தால் நோயாளியே புகார் தரலாம். இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் கட்டணமில்லா எண் 1800-180-3024.

அத்தையின் டாக்டர் பையைப் பிரித்துப் பார்த்து, ரத்தப் பரிசோதனை எடுத்து, வலி மாத்திரையை நிறுத்தி, முட்டிக்குப் பாரசிட்டமாலும் உடற்பயிற்சியும் சொன்னார். இரண்டு மாதத்தில் அம்லோடிபின் 5க்கு இறங்கியது. ஃபுரோஸ்மைடும் தலைசுற்றல் மாத்திரையும் போயின, மெட்ஃபார்மின் ஓர் அட்டையாயிற்று. கால் வீக்கம் முழுதாக வடிய இன்னும் சில வாரம் ஆனது.

அந்தத் தாளை அத்தை காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறார். போன வாரம் போன் வந்தது. "டேய், கடைக்காரன் வேற கம்பெனி மாத்திரை குடுத்துட்டான். முன்னாடி வெள்ளை, இது ரோஸ் கலர். ஆனா பொடி எழுத்துல பேரு அதேதான், டெல்மிசார்டன். நம்பரும் அதே 40. பின்னாடி எச்சும் இல்ல, ஏஎம்மும் இல்ல. போட்டுக்கலாம்ல?"

போட்டுக்கலாம் அத்தை என்றேன்.